முதியோர் இல்லம் புகுவோரின் மனநலம்

முதியோரை இல்லத்தில் சேர்ப்பது தகுமா தகாதா என்னும் வாதத்தை ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றுவிட, தனித்து நிற்கும் தாய் தந்தையர்க்கு இல்லமே புகலிடமாவது இன்று பல குடும்பங்களில் கண்கூடு. அங்ஙனம் புகுவோரின் மனத்தைக் காப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராயப் புகுவது.

முதற் சில வாரங்களில் முதியவர் சரிவர உண்ணாமலும் உறங்காமலும் இருப்பதுண்டு. உணவில் குறை, அறையில் குறை என்று உறவினர் காரணம் தேடுவர். ஆயின் அவர் இழந்தது வீட்டை மட்டுமன்று. எப்பொழுது எழுவது, எப்பொழுது உண்பது, சன்னலைத் திறப்பதா மூடுவதா எனத் தாமே முடிவு செய்துவந்த உரிமையையும் இழந்தார்.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1976-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே நோக்கத்தக்கது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில், ஒரு மாடியில் வாழ்ந்தோரிடம், அறையை அமைப்பதும் பொழுதைக் கழிப்பதும் அவரவர் பொறுப்பே எனக் கூறினர். வளர்ப்பதற்கு ஒரு செடியைத் தந்தனர். படக்காட்சிக்கு எந்த நாள் வருவது என்பதையும் அவர்களே தெரிந்துகொள்ளலாயினர். மற்றொரு மாடியினர்க்கும் செடி கிடைத்தது. ஆனால் நீர் ஊற்றியவர் செவிலியர். அவர்களை நலமாக வைத்திருப்பது ஊழியர் பொறுப்பு என்று கூறப்பட்டது. மூன்று வாரங்களில் முன்னவருள் 93 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். பின்னவருள் 71 விழுக்காட்டினர் மேலும் தளர்ந்தனர். ஓர் இல்லத்தில் சிலரிடம் நடந்த சோதனையே இது. எனினும் இரண்டாம் மாடியில் அன்புக்குக் குறைவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அன்பு மிகுதியால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதும் ஒரு பறிப்பேயாகும்.

ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பார் அதே ஆண்டில் வேறொன்று கண்டார். மாணவர் எப்பொழுது வந்து காண்பர் என்பதை முன்னறிந்த முதியோரும், தாமே குறித்த முதியோரும் நலமுற்றனர். ஆயின் வருகை நின்றபின் இவர்களே மிகவும் தளர்ந்தனர் என 1978-இல் வெளியான தொடராய்வு காட்டிற்று. விழா நாளில் பழக்கூடையுடன் சென்று, பின்னர் ஆண்டு முழுதும் எட்டிப் பாராத சங்கங்கள் இதனைக் கருதுதல் வேண்டும். மாதம் ஒரு நாளாயினும் தவறாமற் செல்க.

சேர்க்குமுன் முதியவரை அழைத்துச்சென்று இடத்தைக் காட்டுக. அவர் கருத்தைக் கேட்க. மருத்துவரிடம் போகிறோம் என்று கூறி விட்டுவருதல் பஞ்சசீலத்தின் நான்காவதற்கு மாறு. அவருடைய நம்பிக்கையையும் அது முறித்துவிடும். அவருடைய போர்வை, குவளை, குடும்பப் படம், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியன உடன் செல்லட்டும்.

பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழ் முதியோர்க்கு மொழியும் ஒரு சுவராகும். ஊழியர்க்குத் தமிழ் தெரியாவிடில், நீர், வலி, குளிர், கழிப்பறை முதலிய சொற்களை இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுக. தமிழ் பேசும் ஒருவர் அண்டையில் இருக்குமாறு கேட்டுப் பெறுக.

திடீரென ஓரிரு நாளில் மனம் குழம்பினால் அது முதுமையென்று விட்டுவிடலாகாது. நோய்த்தொற்றோ நீர்க்குறைவோ மருந்தோ காரணமாகலாம். உடனே மருத்துவரை அழைக்க. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும் மருத்துவம் உண்டு. அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. முதியோர் உதவிக்கு 14567.