உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் பாசியா? கூரத்து வீட்டுக் கைப்பக்குவங்கள்

எங்கள் ஊரான கூரத்திலிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் சாலை வழியே எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் எங்கள் கூடத்தில் ஒரு துண்டுக் கடல் இருக்கிறது: இரண்டடித் தொட்டி, ஐம்பது லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், நாலு நத்தை. ஆரம்பித்த இரண்டாவது மாதமே பாறையெல்லாம் முடி முளைத்த மாதிரி பச்சைப் பாசி மூடிவிட்டது. பாசி ஒழிக்கும் மருந்து என்று இரண்டு புட்டி வாங்கி ஊற்றியதில் பணம் போனதுதான் மிச்சம். பிறகு, இந்தப் பாசிக்குச் சாப்பாடு எந்த வழியாக வருகிறது என்று தேடி, ஒவ்வொரு வழியாக அடைத்தோம். உங்கள் வீட்டிலும் இப்படித் தொட்டி இருந்தால் கைகொடுக்கும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள். எங்களுடையதைப் போல நெல் வயல் சூழ்ந்த ஊர்களில், போடும் யூரியாவில் ஒரு பங்கு நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கிவிடும். போர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவது பாசிக்கு உரம் போடுவதுதான். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

2. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காக ஆர்.ஓ. ஆகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பிடிக்கும்போது அதை மூடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். எண் பூஜ்யத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

3. ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு இலவச ஆர்.ஓ. தண்ணீர். முதல் இரண்டு மூன்று மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அப்புறம் சுத்தமான தளத்திலிருந்து வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் இருட்டான இடத்தில் வையுங்கள். தகரக் கூரையில் வழிந்த தண்ணீர் மட்டும் வேண்டாம்.

4. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் சும்மாதானே கிடைக்கிறது என்று தோன்றும். அது உள்ளே செம்புக் குழாய்ச் சுருள்மேல் வழிந்து வருவது. துளி செம்பு கலந்தாலும் பாசி தின்னும் நத்தைகள் செத்துவிடும். அதைத் துடைப்பம் அலச வைத்துக்கொள்ளுங்கள்.

5. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை எப்போதும் உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கண்ணாடியில் மட்டத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டிவிட்டால், தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றுவதோடு வேலை முடிந்தது.

6. எங்கள் ஊரில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் ஒரு செய்தி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏரிக்கு வரத்து வாய்க்கால் இருந்தால், தண்ணீர் வெளியேற மதகும் கலங்கலும் இருக்கும். தொட்டிக்கு வரத்து மட்டும்தான், உள்ளே போட்டதெல்லாம் அங்கேயே தங்கும். அதனால் வாராவாரம் பத்தில் ஒரு பங்கு, எங்களுக்கு ஐந்து லிட்டர், பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுகிறோம். ஒரே நாளில் பாதியை மாற்றினால் மீன் மிரண்டுவிடும்.

7. புது உப்புத் தண்ணீர் கலக்க லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை போட்டு, உப்புமானியில் 1.025 வருகிறதா என்று பாருங்கள். சமையல் உப்பு உதவாது. கடல் நீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் எல்லாம் அதில் கிடையாது. முந்தின நாள் இரவே கலந்து, காற்றுக் குழாய் போட்டு வைத்துவிட்டால் காலையில் தயார்.

8. மாமல்லபுரம், கோவளம் போகும்போது கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். வயலூரில் பாலாறு கடலில் சேர்வது போல, ஒவ்வொரு ஆறும் ஊர்ச் சாக்கடையையும் வயல் உரத்தையும் கரையோரத்தில் கொண்டுபோய்க் கொட்டும் நேரம் அது.

9. தீனிதான் பாசியின் பெரிய சமையலறை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு ஒரு தடவை, அது போதும். விருந்தாளிக் குழந்தைகள் ஆசையாகப் போடுவதற்கென்று அன்றைய தீனியை ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்து, டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

10. ஐஸில் உறைந்த இறாலை அப்படியே போடாதீர்கள். டீ வடிகட்டியில் வைத்து ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு அலசு அலசினால், பாஸ்பேட் நிறைந்த அந்தக் கலங்கல் சாறு சிங்க்கில் போய்விடும். எங்கள் தொட்டியில் நல்ல வித்தியாசம் தெரிந்தது இந்த ஒரு காரியத்தில்தான்.

11. விளக்கை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் பிளக் டைமரை மாலை மூன்றிலிருந்து இரவு பத்து வரை வைத்தால், வீட்டில் எல்லோரும் இருக்கும்போது தொட்டி வெளிச்சமாக இருக்கும், மின்சாரமும் மிச்சம். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடமானால் தொட்டியை நகர்த்துங்கள், முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள்.

12. புதுத் தொட்டியில் முதல் சில வாரம் மணலும் கண்ணாடியும் பழுப்புத் தூள் படிந்த மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், அது தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்னும் பாசி. தீர்ந்ததும் தானாகப் போகும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

13. பச்சை முடிப்பாசியைக் கையால் பிடுங்குவதற்கு ஈடான மருந்து நான் பார்க்கவில்லை. தண்ணீர் மாற்றும் நாளில், சோப்பு படாத பழைய டூத்பிரஷை முறுக்கிச் சுழற்றினால் பாசி நூல் மாதிரி சுற்றிக்கொண்டு வரும். பக்கத்திலேயே சைபன் குழாயைப் பிடித்துக்கொண்டால், உதிர்ந்த துணுக்குகளும் அழுக்குத் தண்ணீரோடு வெளியேறும். ஒரே வேலையில் இரண்டு காரியம்.

14. பிடுங்கிய பிறகும் விடாப்பிடியாக முளைக்கும் பாறையை வெளியே எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியின்மேல் மட்டும் சொட்டு சொட்டாக விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொங்கியதும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் நன்றாக அலசித் திரும்ப வையுங்கள். நத்தையோ நண்டோ ஒட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும்.

15. கண்ணாடிப் பாசியைச் சுரண்ட, காலாவதியான ஏ.டி.எம். கார்டு போதும். அடியில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மணல் துகள் போட்ட கீறல் தொட்டி உள்ளவரை இருக்கும்.

16. செந்நீலமாக, ஆடை மாதிரி வழுவழுவென்று மணலை மூடினால் அது பாசியே கிடையாது, ஒரு வகைப் பாக்டீரியா. சைபனில் உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் தேங்கும் அந்த மூலையை நோக்கி, நீரோட்டம் தரும் பவர்ஹெட் மோட்டாரைத் திருப்புங்கள். பிறகு மூன்று நாள் விளக்கை அணைத்துப் போர்வையால் மூடி, காற்றுக் குழாயை மட்டும் ஓட விடுங்கள். மனிதருக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைச் சிலர் கரைத்து ஊற்றுகிறார்கள். தொட்டியைச் சுத்தமாக வைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் அடிபடலாம் என்பதால் நான் ஒருநாளும் செய்ய மாட்டேன்.

17. நைட்ரேட் சோதனையில் பூஜ்யம் காட்டுகிறதே, பாசி மட்டும் எப்படி வளர்கிறது என்று குழம்ப வேண்டாம். இருந்ததையெல்லாம் பாசி தின்றுவிட்டதால்தான் குப்பி பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் பாசியே இல்லாத தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமானால், குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி போன்ற வேறொரு தொல்லை கிளம்பும். அப்போது தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தித் தீனியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

18. ஃபில்டர் பஞ்சில் சேர்ந்த அழுக்கு அங்கேயே கிடந்தால் நைட்ரேட்டாகத்தான் மாறும்; வாரத்துக்கு இருமுறை மாற்றுங்கள். தலையணைக்கு அடைக்கும் வெள்ளை ரெக்ரான் பஞ்சே போதும், வாசனையும் சாயமும் போடாததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோ வாங்கினால் மாதக் கணக்கில் வரும்.

19. ஐம்பது லிட்டருக்கு மூன்று நான்கு நத்தை தாராளம். கவரோடு வந்த தண்ணீரில், முடிச்சுப் போட்ட காற்றுக் குழாய் வழியே தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரம் சொட்ட விட்டுப் பழக்கிய பிறகே உள்ளே விடுங்கள். மல்லாந்து விழுந்த நத்தை பல நேரம் தானாகத் திரும்பாது, கையால் நிமிர்த்துங்கள்; செத்தது ஒன்று கிடந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

20. மீனைக் குறைவாக வையுங்கள். எங்கள் அளவுத் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்தான் கணக்கு. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறை வந்தே பல வருஷமாகிறது. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள், தொட்டித் தீனிக்கு அது சீக்கிரம் பழகும்.

21. அழகுக்காகப் பவளப்பாறை தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவோ 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கடையில் விற்கும் செயற்கைப் பாறையை வாங்கி, மூடிய டிரம்மில் உப்புத் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊற வைத்து, இரண்டு தடவை தண்ணீர் மாற்றினால், ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டும் பெருமளவு கழன்றுவிடும்.

22. நல்ல பாசியை வளர்த்தால் கெட்ட பாசி பட்டினி கிடக்கும். தொட்டியின் பின்னால் தொங்கவிடும் பெட்டியில், மீன் ஆர்வலர்கள் கீட்டோ என்று சொல்லும் நூல்கண்டு போன்ற பாசியைக் கைப்பிடி அளவு போட்டு, இரவில் மட்டும் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை எரிய விடுங்கள். பெருகியதில் பாதியை அவ்வப்போது எடுத்துவிட்டால், அது உறிஞ்சிய நைட்ரேட்டும் கூடவே வெளியேறும்.

23. எடுத்த பாசியை ஏரியிலோ கால்வாயிலோ, கடலுக்குப் போகும்போது கடலிலோ போடாதீர்கள். வளர்ப்புக்காக வந்த கப்பாபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களை மூடிப் படர்ந்தது. மத்தியதரைக் கடலில் 1984-ல் மொனாகோ அருங்காட்சியகத்தின் ஓரமாகத் தென்பட்ட காலெர்ப்பா பாசி பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. நாங்கள் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். உப்பு இருப்பதால் தோட்டத்து எருக்குழிக்கும் அது ஆகாது, பழைய உப்புத் தண்ணீரும் செடிக்கு வேண்டாம். குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.