தேநீரும் காலையுணவும்

மக்கள் உண்ணும் உணவும் பருகும் பானமும் அவர்தம் நிலத்தையும் தட்பவெப்பத்தையும் மட்டும் பொறுத்தவை அல்ல; அவர்தம் வரலாற்றையும் பொறுத்தவை. ஒரு நாட்டார் செய்த வாணிகமும், செலுத்திய வரியும், தொடுத்த போரும் அவர்களுடைய அடுக்களையிலும் தம் சுவட்டைப் பதித்துச் செல்கின்றன. இவ்வுண்மைக்குப் பிரிட்டானியரும் அமெரிக்கரும் தக்க எடுத்துக்காட்டாவர்.

இவ்விரு நாட்டாரும் ஆங்கிலமே பேசுகின்றனர். அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் பிரிட்டன் அமைத்த குடியேற்ற நாடுகளில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்து சென்றோரின் வழியினரே. ஆயினும், பொழுது புலர்ந்ததும் பிரிட்டானியர் தேநீரை நாடுவதும், அமெரிக்கர் காப்பியை நாடுவதும் நெடுங்கால வழக்கம். லண்டன் மாநகரத்து உணவுவிடுதியில் ஒருவர் தேநீர் வேண்டுமென்றால், ஆவி பறக்கும் தேநீரும் அதனுடன் பாலும் வரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதே சொல்லைச் சொன்னால், பனிக்கட்டி மிதக்கும் இனிப்பான தேநீர் வருவது இயல்பு. ஒரே மொழி பேசுவோரிடையே இத்துணை வேற்றுமை எவ்வாறு உண்டாயிற்று?

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இங்கிலாந்து மக்கள் தேநீரை அறியார். சாமுவேல் பெப்பீஸ் என்பவர் தம் நாட்குறிப்பில், சீன நாட்டுப் பானமாகிய தேநீரைத் தாம் முதன்முறையாக அருந்தியதை 1660-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாளில் குறித்து வைத்துள்ளார். 1662-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்த போர்ச்சுக்கல் நாட்டு இளவரசி கேதரின், தேநீர் அருந்தும் வழக்கம் உடையவர். அரசி அருந்துவதை அரண்மனையார் விரும்பினர். அரண்மனையார் விரும்பியதைச் செல்வர் விரும்பினர். இவ்வாறு தேநீர் மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது.

பரவிய பொருள்மீது அரசாங்கம் வரி விதித்தது. அவ்வரி ஒரு காலத்தில் தேயிலையின் விலையையும் விஞ்சி, நூற்றுக்கு 119 என்னும் அளவினை எட்டியது. அதன் பயனாகக் கள்ளக் கடத்தல் பெருகிற்று. 1784-ஆம் ஆண்டில் தலைமையமைச்சர் இளைய வில்லியம் பிட் அவ்வரியை நூற்றுக்குப் பன்னிரண்டரையாகக் குறைத்தார். கடத்தல் தளர்ந்தது, எளியோரும் தேயிலையை வாங்கலாயினர்.

அமெரிக்கக் குடியேற்ற நாட்டினரும் அந்நாளில் தேநீரை விரும்பி அருந்தியவர்களே. அவர்களுக்குத் தேநீரின்மேல் வெறுப்பு இல்லை. தேயிலை வரியின்மேல்தான் வெறுப்பு உண்டாயிற்று. 1767-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கண்ணாடி, காகிதம், வண்ணப்பூச்சு, ஈயம், தேயிலை ஆகியவற்றின்மேல் அவர்களுக்குச் சுங்கவரி விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே, 1770-இல் ஏனைய பொருள்களின் வரி நீக்கப்பட்டது. ஆனால், தேயிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் என்னும் வரி மட்டும் நிலைநிறுத்தப்பட்டது. வரி விதிக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைப் பாராளுமன்றம் காட்ட விரும்பியதே அதற்குக் காரணம்.

1773-ஆம் ஆண்டில் தேயிலைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை அமெரிக்காவிற்கு நேரே அனுப்பி விற்கலாம். இதனால் தேயிலையின் விலை முன்னையினும் குறையும் நிலை ஏற்பட்டது. மலிவாகக் கிடைக்கும் பொருளை மக்கள் மகிழ்ந்து வாங்குவர் என்றே ஆட்சியாளர் எண்ணினர். அமெரிக்கரோ, “எம் சார்பாளர் ஒருவரேனும் இல்லாத மன்றம் எமக்கு வரி விதித்தல் முறையன்று” என்னும் கொள்கையில் உறுதியாக நின்றனர். விலை குறைந்தது என்பதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் உடன்படவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவில், பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஒரு கூட்டத்தினர் ஏறினர். அவர்களுட் சிலர் அமெரிக்கப் பழங்குடியினரைப் போன்று வேடம் புனைந்திருந்தனர். 342 பெட்டிகளைப் பிளந்து, அவற்றிலிருந்த தேயிலை முழுவதையும் கடலிற் கொட்டினர். சீன நாட்டில் விளைந்து, லண்டன் வழியாகக் கடல் கடந்து வந்த அத்தேயிலை, கோப்பையைக் காணாமலே கடல்நீரிற் கலந்தது. மறு ஆண்டில் பாராளுமன்றம், தேயிலைக்கு ஈடு செலுத்தும்வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடுமாறு ஆணையிட்டது. பகை முற்றிற்று, 1775-இல் போர் மூண்டது. 1776-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்கர் தம் விடுதலையை அறிவித்தனர். 1783-இல் பிரிட்டன் அவ்விடுதலையை ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தில் தேநீரைத் துறத்தல் நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் ஆடம்ஸ், 1774-ஆம் ஆண்டில் தம் மனைவிக்கு ஒரு மடல் எழுதினார். நெடுந்தொலைவு குதிரையிற் பயணம் செய்து களைத்த அவர், வழியில் ஒரு வீட்டில் தங்கி, வரி செலுத்தப்படாத தேயிலையாயின் தேநீர் கிடைக்குமோ என்று வினவினாராம். அவ்வூரார் தேநீரையே விட்டுவிட்டதாகவும், வேண்டுமாயின் காப்பி தருவதாகவும் அவ்வீட்டு அம்மையார் விடை கூறினார். அது முதல் தாம் காப்பியே அருந்தி வருவதாகவும், தேநீரை விடுதற்குத் தாமும் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் அம்மடலில் அவர் தெரிவித்துள்ளார். விருப்பமான ஒன்றை விடுவது எளிதன்று என்பதும், உயர்ந்த நோக்கம் உள்ளவிடத்து அதுவும் இயலும் என்பதும் இதனால் விளங்கும்.

எனினும், அமெரிக்கர் காப்பியர் ஆனமைக்கு அப்போராட்டம் ஒன்றே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. விடுதலை பெற்றபின் அவர்கள் சீனாவிற்குத் தாமே கப்பல் அனுப்பித் தேயிலை கொணர்ந்தனர். ஆனால், தேயிலை விளையும் சீனா நெடுந்தொலைவில் இருந்தது. காப்பி விளையும் மேற்கிந்தியத் தீவுகளும் பிரேசில் நாடும் அண்மையில் இருந்தன. 1832-ஆம் ஆண்டில் காப்பியின் இறக்குமதி வரியும் நீக்கப்பட்டது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், வடபுலப் படைவீரர்க்குக் காப்பி நாள்தோறும் பங்கீடாக அளிக்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பிய வீரர் அப்பழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். இவ்வாறு கொள்கையால் தொடங்கிய மாற்றம் வாணிகத்தால் வளர்ந்து, போரால் நிலைபெற்றது.

பிரிட்டனின் நிலை இதனின் வேறானது. சீனாவையே நம்பியிருந்த அந்நாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் ஆட்சிக்குட்பட்ட நிலங்களிலேயே தேயிலையைப் பயிரிடத் தொடங்கியது. 1839-இல் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலாக லண்டனில் ஏலம் விடப்பட்டது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் இலங்கையின் கண்டிப் பகுதியில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் இலங்கையின் காப்பிச் செடிகளை ஒருவகை இலைநோய் பற்றியது. காப்பித் தோட்டங்கள் அழிய, அவ்விடமெல்லாம் தேயிலை தழைத்தது. அஸ்ஸாமும் இலங்கையும் தந்த தேயிலை கருநிறமும் கடுஞ்சுவையும் உடையது. பாலும் சர்க்கரையும் கலத்தற்கு ஏற்றது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த பிரிட்டன் தொழிலாளர்க்கு ரொட்டியும் இனிய தேநீருமே பல வேளைகளில் உணவாயின.

அக்கோப்பைக்குப் பின்னால் வேறொரு கூட்டத்தாரின் உழைப்பு மறைந்திருந்தது. இலங்கை மலைகளில் கொழுந்து கிள்ளியவர்களுட் பெரும்பாலோர் தமிழகத்தினின்று பிழைப்பு நாடிச் சென்ற ஏழைத் தமிழர். தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தும், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பலர் நாடற்றவராயினர். அமெரிக்கர் பருகிய பிரேசில் காப்பியும் அடிமைகளின் வியர்வையில் விளைந்ததே; அந்நாட்டில் அடிமைமுறை 1888-இல்தான் ஒழிந்தது. கோப்பையின் சுவையைப் பேசுவோர் அதனை விளைவித்த கைகளையும் மறத்தலாகாது.

தேநீர் அருந்தும் முறையிலும் இரு நாட்டாரும் வேறுபடுவர். பிரிட்டனில் பிற்பகலில் தேநீருடன் சிறு ரொட்டித் துண்டுகளும் பணியாரங்களும் உண்ணும் வழக்கம் 1840-ஆம் ஆண்டையொட்டிப் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா என்பவரால் தொடங்கப்பெற்றது என்பர். இது செல்வர் இல்லத்துச் சிற்றுண்டி. ‘ஹை டீ’ எனப்படுவதோ, தொழிலாளர் மாலையில் வீடு திரும்பி வயிறார உண்ணும் உணவு. வட இங்கிலாந்தில் மாலையுணவைத் ‘டீ’ என்றே வழங்குவோர் இன்றும் உளர். அமெரிக்க விடுதிகள் சிலவற்றில் செல்வரின் சிற்றுண்டிக்கே ‘ஹை டீ’ என்னும் பெயர் இடப்பட்டிருத்தல் பிரிட்டானியருக்கு வியப்பளிக்கும்.

அமெரிக்கர் அருந்தும் தேநீரில் பெரும்பகுதி குளிர்ந்த தேநீரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்குத் தோன்றிய இவ்வழக்கம், 1904-இல் செயின்ட் லூயி நகரில் நடந்த உலகக் கண்காட்சியால் மேலும் புகழ்பெற்றது. சூடான தேநீர்க்கு நீர் நன்கு கொதித்தல் வேண்டும். பிரிட்டன் வீடுகளில் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தத்தில் வருகின்றது. அமெரிக்க வீடுகளின் சாதாரண இணைப்பில் அது 120 வோல்ட்டே. ஆதலின் பிரிட்டனின் மின்கெட்டிலில் நீர் விரைவிற் கொதிக்கும். அமெரிக்காவில் அதற்கு மிகுந்த நேரம் ஆகும். அங்கு மின்கெட்டில் இல்லாத வீடுகள் பல இருத்தற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

இனிக் காலையுணவைக் காண்போம். முழுமையான ஆங்கிலக் காலையுணவு என்பது முட்டை, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி, தக்காளி, காளான், தக்காளிச் சாற்றில் வேகவைத்த அவரை, வாட்டிய ரொட்டி ஆகியவை சேர்ந்தது. ரொட்டிக்குக் கசப்பு நாரத்தையாற் செய்த மார்மலேடு துணையாகும். அமெரிக்கரும் முட்டையும் பன்றியிறைச்சியும் உண்பர். ஆயினும், பிரிட்டானியர் பெரிதும் விரும்புவது பன்றியின் முதுகுப்புறத்து இறைச்சி. அமெரிக்கர் விரும்புவது வயிற்றுப்புறத்துக் கொழுப்பு மிக்க இறைச்சி. மாவை ஊற்றிச் சுட்ட தடித்த அடைமேல் மேப்பிள் மரத்துப் பாகினை வார்த்து உண்பதும் அமெரிக்க வழக்கம். அம்மரத்தின் சாற்றை இறக்கி இனிப்புச் செய்யும் கலையும், தென்மாநிலத்தார் விரும்பும் மக்காச்சோளக் கஞ்சியும் அந்நாட்டுப் பழங்குடியினர் அளித்த கொடைகள்.

சொல்லின் பொருளும் இடத்திற்கு இடம் மாறும். பிரிட்டனில் ‘பிஸ்கோத்து’ என்பது தேநீருடன் கடித்து உண்ணும் மொறுமொறுப்பான தின்பண்டம். அமெரிக்காவில் அதே பெயர் மென்மையான ஒருவகைச் சிறு ரொட்டியைக் குறிக்கும். காலையில் அதன்மேல் குழம்பு வார்த்து உண்பாரும் உளர்.

அமெரிக்கக் காலையுணவை மாற்றியதில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே புலால் விலக்கிய உணவைப் போற்றிய ஒரு நலவாழ்வு நிலையத்தை நடத்தியவர் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக். அவரும் அவர்தம் தம்பி வில் கீத் கெல்லாகும் 1894-இல் வேகவைத்த கோதுமையைத் தகடாக்கி வாட்டும் முறையைக் கண்டனர். பின்னர் மக்காச்சோளத்தையும் அவ்வாறே பக்குவம் செய்தனர். 1906-இல் தம்பியார் அவ்வுணவினைச் செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுப்பு மூட்டாமல், பாலை ஊற்றிய அளவில் உண்ணத்தகும் இவ்வுணவு, விரைந்து பணிக்குச் செல்லும் மக்களுக்கு ஏற்றதாயிற்று.

இவ்வாறு பிரிந்த இரு நாட்டாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கொள்ளாமலும் இல்லை. மக்காச்சோளத் தகடுகள் இன்று பிரிட்டன் இல்லங்களிலும் காலையுணவாக உள்ளன. ஆங்கிலக் காலையுணவின் உறுப்பாகக் கருதப்படும் தகரக்குவளை அவரை அமெரிக்காவினின்று வந்ததே. 1886-இல் அது லண்டனின் உயர்தரக் கடையொன்றில் அரும்பொருளாக விற்கப்பட்டது. அமெரிக்காவில் தோன்றிய தேயிலைப் பையைப் பிரிட்டானியர் தொடக்கத்தில் ஐயுற்றனர். 1953-க்குப் பின் அதனை ஏற்கத் தொடங்கி, இன்று தம் தேநீரில் மிகப் பெரும்பகுதியை அதனைக் கொண்டே செய்கின்றனர்.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1940-ஆம் ஆண்டு முதல் ஒருவர்க்கு வாரம் இரண்டு அவுன்சு தேயிலையே பங்கீடாக அளிக்கப்பட்டது. 1952 வரை நீடித்த அக்கட்டுப்பாட்டை மக்கள் பொறுத்துக்கொண்டனர். உரிமைக்காகத் தேநீரைத் துறந்தோர் அமெரிக்கர். நாட்டின் காப்பிற்காக அதனை அளந்து பருகியோர் பிரிட்டானியர். செயல் வேறாயினும் மனவுறுதி ஒன்றே.

இவ்வேறுபாடு இன்று நகைச்சுவைக்கும் இடமாகின்றது. 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தேநீரின் கசப்பை மாற்றச் சிறிது உப்பு இடலாம் என்று அமெரிக்க வேதியியற் பேராசிரியை ஒருவர் கூறியது பிரிட்டனில் பெரும் பேச்சாயிற்று. உடனே லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகம், உப்பிடுதல் தம் நாட்டுக் கொள்கையன்று எனவும், நுண்ணலை அடுப்பில் தேநீரைச் சூடாக்கும் முறையையே தாம் தொடர்ந்து பின்பற்றுவதாகவும் வேடிக்கையாக அறிக்கை விடுத்தது. கெட்டிலில் நீர் கொதிக்கவைக்கும் பிரிட்டானியர் இதைக் கேட்டு நகைத்தனர். 1773-இல் போருக்கு வித்தாகிய தேயிலை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் இருவரும் கூடிச் சிரிப்பதற்குக் காரணமாயிற்று.

சுவை பிறப்பால் அமைவதன்று, பழக்கத்தால் அமைவது. அப்பழக்கமும் காரணமின்றித் தோன்றுவதன்று. பிறர் உணவைக் கண்டு முகஞ்சுளிப்போர் அவ்வுணவின் வரலாற்றை அறியாதோர் ஆவர். அதனை அறிந்தவர், அயலார் கோப்பையில் அவர்தம் முன்னோர் பட்ட பாட்டையும் கொண்ட உறுதியையும் காண்பர். அதனை விளைவித்த எளியோரையும் நன்றியுடன் நினைப்பர்.