என் குறளில் தளை தட்டிய இடம்

 

யாப்பிலக்கணம் நடத்தி முடித்ததும் ஐயா எங்களைச் சொந்தமாக ஒரு குறள் வெண்பா எழுதி வரச் சொன்னார். நான் எழுதியது இது:

வெயிலில் நின்று களையெடுக்கும் அம்மா
பயிர்போல் நிமிர்வாள் சிரித்து.

2 அடி, 7 சீர் சரியாக இருக்கு. வெயில், பயிர் என்று இரண்டாம் எழுத்து 'யி' ஒன்றி வருவதால் அடி எதுகை. 'போல்' வந்ததால் உவமை அணி. 10க்கு 10 என்றுதான் நினைத்தேன். ஐயா முதல் இரண்டு சீருக்கு நடுவில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'தளை தட்டுகிறது' என்று எழுதிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் அலகிட்டுப் பார்த்தேன். வெயி/லில், நிரை நேர், புளிமா. நின்/று, நேர் நேர், தேமா. வெண்பாவில் மாமுன் நிரை, விளம்முன் நேர், காய்முன் நேர்தான் வரணும். புளிமா மாச்சீர். அதற்குப் பின்னால் நிரையில் தொடங்கும் சீர் வேண்டும். 'நின்று' நேரில் தொடங்குவதால் அந்த இடம் நேரொன்றாசிரியத் தளை ஆகிவிட்டது. 'வாடி' என்று போட்டேன், நேர். 'மெல்ல' போட்டேன், அதுவும் நேர்!

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சும்மா வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நின்னுக்கிட்டு எவடி களை எடுப்பா? குனிஞ்சுதான் எடுக்கணும். சாயங்காலத்துக்குள்ள முதுகு விட்டுப்போயிரும்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. எத்தனையோ தடவை கூப்பிட்டும் நான் ஒருநாள்கூடக் களைக்குப் போனதில்லை.

'குனிந்து' என்று மாற்றி அலகிட்டேன். குனிந்/து, நிரை நேர். தளை சரியாகிவிட்டது! அடுத்து 'களை'யும் நிரை, அங்கேயும் வெண்டளைதான்.

வெயிலில் குனிந்து களையெடுக்கும் அம்மா
பயிர்போல் நிமிர்வாள் சிரித்து.

வாய்பாடு: புளிமா, புளிமா, கருவிளங்காய், தேமா, புளிமா, புளிமா, பிறப்பு. களையெடுக்கும் காய்ச்சீர், அதன்பின் 'அம்' நேர் என்பதையும் பாருங்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. குனிந்து, நிமிர்வாள் இரண்டும் முரண். முன்னால் எழுதியதில் உவமையே ஒட்டவில்லை. நின்றுகொண்டிருப்பவர் நிமிர்வதற்கு என்ன இருக்கு?

முதல் அடியில் மோனைதான் அமையவில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி