தாது நஷ்டம் என்னும் அச்சம்

நாற்பது துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்தாகிறது என்பது போன்ற நம்பிக்கைகள் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளன. இதனால், உறக்கத்தில் விந்து வெளிப்படினும், சிறுநீர் வெண்மையாகத் தோன்றினும், இளைஞர் பலர் தம் வலிமை அழிந்ததெனக் கலங்குகின்றனர். சோர்வும் தூக்கமின்மையும் அவர்களைப் பற்றிக்கொள்கின்றன. மனநோய் மருத்துவ அறிஞர் டாக்டர் என். என். விக் 1960-ஆம் ஆண்டில் இந்நிலைக்குத் 'தாத் சின்ட்ரோம்' எனப் பெயரிட்டார்.

உடலியல் கூறும் உண்மை வேறு. விந்து இரத்தத்திலிருந்து வடிக்கப்படும் சத்து அன்று. ஒரு முறை வெளிப்படுவது சில மில்லிலிட்டரே. அதில் பெரும் பகுதி, விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவமாகும். உயிரணுக்களின் பங்கு மிகச் சிறிது. அவை விரைகளில் இடைவிடாது உற்பத்தியாகின்றன. ஓர் உயிரணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். ஆதலால் உறக்கத்தில் விந்து வெளிப்படுதல் இயற்கையே. அதனால் வலிமை குறைவதில்லை.

சிறுநீரின் வெண்மைக்குப் பல சமயங்களில் பாஸ்பேட் உப்புக்களே காரணம். சிறிது வினிகர் சேர்த்தால் அவை கரைந்து, நீர் தெளியும். சீழ் கலப்பினும் வெண்மை தோன்றுமாதலால், சிறுநீர்ச் சோதனை செய்துகொள்வது நலம்.

அச்சத்தைப் பயன்படுத்தி விற்கப்படும் 'தாது புஷ்டி' மருந்துகளுக்குப் பொருளை இழத்தல் வேண்டாம். விந்தில் இரத்தம், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், விரைகளில் வலி ஆகியவை காணின் மருத்துவரை நாடவேண்டும். நீரிழிவு உள்ளோர் சிலரிடம் விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் செல்வதுண்டு. அதையும் மருத்துவரிடம் கூறுதல் அவசியம். சோர்வும் துயரமும் நீடிப்பின், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தக்க சிகிச்சை உண்டு. அதைக் கேட்டுப் பெற வெட்கம் தடையாகலாகாது.