சுவாசக் கருவியை நிறுத்திவிடலாமா?

நோய் தணிந்தபின் வைத்தியம் எதற்கு என்று கேட்பது மனித இயல்பு. காய்ச்சல் விட்ட மறுநாள் கஷாயத்தைத் தேடுவார் இல்லை. புண் ஆறியபின் கட்டுப் போடுவாரும் இல்லை. ஆயினும் எல்லா நோய்களுக்கும் இவ்வழக்கம் பொருந்துமா என்பது நிதானித்து ஆராயத்தக்கது. இம்மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது உறக்க மூச்சுத்தடை என்னும் நோய். இதற்கு இரவில் முகமூடி அணிந்து, ‘சீபேப்’ என வழங்கும் காற்றழுத்தக் கருவியுடன் உறங்குமாறு மருத்துவர்கள் விதிக்கின்றனர். நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் இக்கருவியை வாங்கியோர் சிலர் உளர். சில மாதங்கள் சென்று, குறட்டை நின்று, பகல் தூக்கம் ஒழிந்து, முகம் தெளிவடைந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றே: “குணமாகிவிட்டதே, இனிக் கருவியைக் கட்டி வைத்துவிடலாமா? யாருக்கேனும் விற்றுவிடலாமா?” சில பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் அது. மகளின் கல்லூரிக் கட்டணமும் மரவள்ளிக்கு உரச் செலவும் ஒருசேர வந்து நிற்கும் வீட்டில் இவ்வினா எழுவதில் வியப்பில்லை.

குறட்டை விட்டு உறங்குவோனைக் கும்பகர்ணன் என்று நாம் நகையாடுகிறோம். ஆழ்ந்து உறங்குகிறான் என்று பொறாமையும் கொள்கிறோம். இந்நோயுடையோன் உண்மையில் சரியாக உறங்குவதே இல்லை. உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடியும் அண்ணத்தின் பின்புறமும் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு இழுக்கிறது, காற்று செல்வதில்லை. 10 விநாடிக்குக் குறையாமல், சில வேளை அரை நிமிடத்துக்கும் மேலாக இந்நிலை நீடிக்கும். இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெருமூச்சுடன் வழி திறக்கிறது. பின்னர் மீண்டும் அதுவே நிகழ்கிறது. இரவெல்லாம் இவ்வாறு எழுப்பப்படுவது உறங்கியவனுக்கு நினைவிராது. அருகில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் தெரியும். மணிக்கு 5 முதல் 15 தடவைக்குள் நிகழ்ந்தால் இலேசானது, 15 முதல் 30 வரையில் நடுத்தரமானது, 30க்கு மேற்பட்டால் கடுமையானது என்று மருத்துவர் வகுத்துள்ளனர். பருத்த உடலினர்க்கே இது மிகுதியாக வருமெனினும், தாடை சிறுத்த ஒல்லியான உடலினரும் இதற்கு விலக்கல்லர்.

இந்தியாவில் வேலை செய்யும் வயதினருள் சுமார் 10 கோடிப் பேர்க்கு இந்நோய் இருக்கலாமெனப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டில் கணக்கிட்டனர். 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் மரணத்துக்கு இதனையும் ஒரு காரணமாக அவரது மருத்துவர்கள் அறிவித்தபோது, நாளிதழ் வாசகர் பலர் இந்நோயின் பெயரை முதன்முறையாகக் கண்டிருக்கக்கூடும்.

இனி, கருவி செய்வது யாது என்பதைப் பார்ப்போம். தோட்டத்து மோட்டாரில் மாட்டும் மடக்குக் குழாயை நம் விவசாயிகள் அறிவர். தண்ணீர் இல்லாதபோது அது துணிபோல் தட்டையாகச் சுருண்டு கிடக்கும். மோட்டாரை ஓட்டியதும் நீரின் அழுத்தத்தால் உருண்டு திரண்டு வழிவிடும். தளர்ந்த தொண்டையும் அத்தகையதே. கருவி அறையின் காற்றையே உறிஞ்சி, மெல்லிய அழுத்தத்துடன் மூக்கின் வழியே செலுத்தித் தொண்டை சரியாமல் தாங்குகிறது. அது பிராணவாயு உருளை அன்று, மருந்தும் அன்று. பத்து வருஷம் நீர் பாய்ச்சிய குழாயானாலும் மோட்டாரை நிறுத்திய கணமே தட்டையாகிவிடுவதுபோல, எத்தனை மாதம் கருவியுடன் உறங்கிய தொண்டையும் கருவியின்றி உறங்கும் இரவில் பழையபடி சரிகிறது. கருவி தொண்டையின் அமைப்பை மாற்றுவதில்லை என்பதே இதில் நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இம்முறையைக் கண்டு, ஐந்து நோயாளிகளிடம் பெற்ற பயனை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே.

நோயில் தணிவு வேறு, தீர்வு வேறு என்பதை நம் மாநிலம் வேறொரு நோயின் வாயிலாக முன்னரே கற்றிருக்கிறது. 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளரைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொண்டால் போதாதா என்று டாக்டர் வாலஸ் பாக்ஸ் முதலியோர் அங்கு ஆராய்ந்தனர். ஓராண்டுச் சிகிச்சையில் வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்பதை 1959இல் வெளியிட்டு உலகை வியக்கச் செய்தனர். அவ்வாராய்ச்சியில் அவர்களை வருத்திய கவலைகளுள் ஒன்று, இருமலும் காய்ச்சலும் நின்றதும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவானே என்பது. அதற்காக முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டானா என்று அறிந்தனர். உடல் தேறியது என்னும் உணர்வு கிருமி அழிந்ததற்குச் சாட்சியாகாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆனால் இவ்விரு நோய்க்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. காசநோய் மாத்திரைக்கு முடிவு நாள் ஒன்று இருக்கிறது. விதித்த காலம் முழுதும் உட்கொண்டு கிருமி அழிந்தபின் மருத்துவரே நிறுத்தச் சொல்வார். சுவாசக் கருவிக்கு அத்தகைய நாள் ஏதும் குறிக்கப்படுவதில்லை. இது மூக்குக் கண்ணாடியின் இனத்தைச் சேர்ந்தது. கண்ணாடி அணிந்து நூலிழை தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக எந்த நெசவாளரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை.

நிறுத்தினால் நேர்வது என்ன என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ஓராண்டுக்கு மேலாகக் கருவியால் நலமாக இருந்த 41 பேரைச் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மருத்துவர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் இரண்டு வாரம் பயனுள்ள அழுத்தத்தை நிறுத்தினர். சில நாட்களுக்குள்ளாகவே மூச்சுத்தடை திரும்பியது. இரண்டு வார முடிவில் காலை நேர மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 8 புள்ளிக்கு மேல் உயர்ந்திருந்தது. இம்முடிவு 2011இல் வெளியாயிற்று. நிறுத்திய முதல் இரண்டொரு நாள் உடம்பு நன்றாகவே இருப்பதுபோல் தோன்றக்கூடும். அத்தோற்றமே ஆளை ஏமாற்றுகிறது.

நம் பகுதியில் இதன் அபாயம் தறிக்குழியோடும் வரப்போடும் நிற்பதன்று. நாமக்கல் லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் செல்லாத மாநிலம் ஏது? தொண்டை அடைபட்டு இரவில் உறங்காத ஓட்டுநன் பகலில் திசைமாற்றியைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டால் இழப்பு அவனோடு முடிவதில்லை. அமெரிக்க லாரி ஓட்டுநர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இந்நோய் கண்டும் விதித்த சிகிச்சையைக் கைக்கொள்ளாதவர்கள், தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகளில் மற்றவரைப்போல் ஐந்து மடங்கு வீதத்தில் சிக்கினர் எனக் கண்டனர். வண்டி ஓட்டும் அன்பர்களுக்கு எங்கள் கருத்து இதில் உறுதியானது: கருவியின்றி உறங்கிய இரவுக்கு மறுநாள் நெடும்பயணம் கூடாது.

மறுபக்கத்தையும் மறைப்பது முறையன்று. கருவி எல்லாவற்றையும் காக்கும் என்று சொல்வதற்கில்லை. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் இருதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோயும் சேர்ந்திருந்த 2,717 பேரை வைத்து நடத்திய பெரும் ஆராய்ச்சி 2016இல் வெளியானது. அதில் மாரடைப்பும் பக்கவாதமும் கருவியால் குறைந்ததாகக் காணப்படவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனச்சோர்வும் தணிந்தது. கவனிக்கத்தக்கது யாதெனில், அவர்கள் இரவொன்றுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே கருவியை அணிந்தனர். பயன் குறைந்தமைக்கு அதுவும் காரணமாயிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். முடிந்த முடிவாக அதனைக் கொள்வதற்கில்லை. ஆகவே இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளைக் கருவி இருக்கிறதே என்று விட்டுவிடுதலும் தவறாகும்.

அப்படியானால் வாழ்நாள் முழுதும் முகமூடிதானா? அன்று. காரணம் நீங்கினால் காரியமும் நீங்கும். உடல் எடையே காரணமானோர்க்கு எடை குறைப்பு மெய்யான வழி. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடையின் எண்ணிக்கை நூற்றுக்கு 26 பங்கு குறையுமென்றும், அதே அளவு எடை கூடினால் 32 பங்கு கூடுமென்றும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆராய்ச்சி 2000இல் கணித்தது. மணிக்கு 40 தடவை என்றிருந்தவருக்கு அது 30 ஆகலாம். அதுவும் கடுமையின் எல்லையே என்பதை மறத்தலாகாது. எடை குறைக்கும் டிர்செபடைட் என்னும் ஊசி மருந்தை, பருத்த உடலினரின் இந்நோய்க்கென அமெரிக்க அரசு 2024 டிசம்பரில் அனுமதித்தது. எனினும் ஊசியை நிறுத்தினால் எடை திரும்ப ஏறக்கூடும். குழந்தைகளுக்குத் தொண்டைச் சதை வீக்கம் காரணமாயின் அறுவையால் பலரும் குணமடைகின்றனர். தைராய்டு குறைவால் வந்ததாயின் அதற்குரிய மருந்தால் தணிவதுண்டு. இவற்றுள் எதுவாயினும், மருத்துவர் சொற்படி கருவியின்றி மறுபடியும் உறக்கச் சோதனை செய்து, எண்ணிக்கை இறங்கியது கண்டபின்னரே நிறுத்துதல் தகும்.

இங்கு ஒரு மயக்கத்தைக் குறிப்பிட வேண்டும். கருவியின் கண்ணாடித் திரையில் காலையில் 2 அல்லது 3 என்று ஓர் எண் தோன்றும். மணிக்கு இத்தனை தடவை மூச்சுத்தடை என்பது அதன் பொருள். “எனக்கு முன்பு 45 இருந்தது, இப்போது 2தான், நோய் போய்விட்டது” என்று பலர் மகிழ்கின்றனர். அவ்வெண் கருவி ஓடும்போது எடுத்த கணக்கு. மடை திறந்திருக்கையில் வயலில் நீர் நிற்பதைப் பார்த்து, மடையை அடைத்தாலும் நீர் நிற்கும் என்று முடிவு செய்வதற்கு ஒப்பாகும் இது. கருவியில்லாத இரவின் எண்ணைக் கருவி அறியாது.

நிறுத்திவிடலாமா என்ற வினாவுக்குப் பின்னால், வாய்விட்டுச் சொல்லாத அசௌகரியமே பல வேளை ஒளிந்திருக்கிறது. முகமூடி அளவு பொருந்தாமல் காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும், மூக்குப் பாலம் புண்ணாகும், வாய் உலரும். இவற்றுக்காகக் கருவியையே கைவிடுதல் வேண்டுவதில்லை. வேறு அளவு முகமூடி, ஈரப்பதத் தொட்டி, அழுத்தத்தைத் திருத்துதல் ஆகியவற்றால் பெரும்பாலும் சீர்படும். விற்றவரிடமோ மருத்துவரிடமோ துணிந்து கேட்க வேண்டும். தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. விசைத்தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத்தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளைப் பக்கத்து அன்பர்கள் வடிகட்டியை வாரந்தோறும் எடுத்துப் பார்த்தல் நலம். தறிக்கூடத்தில் கருவியை வைக்கவே கூடாது. மின்சாரம் நின்றால் முகமூடியைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்து உறங்கலாம். சளி பிடித்த ஓரிரவு விட்டுப் போயிற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. மூக்கு திறந்ததும் மறுபடி தொடங்கிவிட வேண்டும். மதுவும், மருத்துவர் அறியாத தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளரச் செய்வன.

வேறெந்த நோய்க்காக அறுவை செய்துகொள்ள நேர்ந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்நோய் இருப்பதை முன்னதாகவே தெரிவித்து, கருவியையும் மருத்துவமனைக்கு உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மறுபரிசோதனைக்குச் செல்லுங்காலும் கருவியைக் கொண்டு போதல் நன்று. இரவுதோறும் எத்தனை மணி அணிந்தோம், எவ்வளவு காற்றுக் கசிந்தது என்பதெல்லாம் அதனுள் பதிவாகியிருக்கும். மருத்துவர் அதைப் படித்துப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்.