மாவு விற்பதிலும் மார்க்கம் உண்டு

இறைச்சி வாங்கப் போனால், அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் நம்மவர்கள் வாங்குகின்றனர். இது பாராட்டத்தக்க பேணுதலே. ஆனால் அரிசி, உளுந்து, பால், மோர் என்று வந்துவிட்டால் அந்தப் பேணுதல் எங்கோ போய்விடுகிறது. "இதில் என்ன ஹராம் இருக்கப் போகிறது?" என்று கேட்டுவிடுகின்றனர். பொருள் ஹலாலாக இருந்தும், விற்கும் முறையால் வருமானம் கறைபட்டுப் போகலாம் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. இது குறித்துச் சிறிது ஆராய்வோம்.

ஒரு தாயின் கேள்வி

காஞ்சிபுரத்தை அடுத்துள்ளது ஏனாத்தூர். தறிச் சத்தத்துக்குப் பெயர் போன வட்டாரம் இது. 1993-ல் இங்குள்ள கல்வி நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான பிறகு வெளியூர் மாணவர்களின் நடமாட்டமும் பெருகிற்று. அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு அரிசி ஊறவைக்கவும் அரைக்கவும் ஏது நேரம்? அரைத்த மாவை வாங்கி தோசை வார்த்துக்கொள்கின்றனர். இதனால் வீட்டுத் திண்ணையில் இட்லி மாவு விற்பது பல குடும்பங்களுக்குக் கை கொடுக்கும் தொழிலாகிவிட்டது.

அவ்வூரில் ஒரு ஜும்ஆவில், அளவையில் குறைவு செய்வோரைப் பற்றி நாம் பயான் செய்தோம். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிறுவன் காத்திருந்தான். "ஹஜ்ரத், எங்க அம்மா உங்களை ஒரு மஸ்அலா கேட்கணும் என்றார்கள்" என்று கூறி வீட்டுக்கு அழைத்துப் போனான். தந்தை ஜரிகை வியாபாரி ஒருவரிடம் கூலிக்கு இருப்பவர். அவரும் அங்கே அமர்ந்திருந்தார். கதவுக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் பேசினார்.

"ஹஜ்ரத், நான் மாவு விற்கிறேன். கரண்டிக் கணக்கில்தான் கொடுக்கிறேன். காலையில் அரைத்த மாவு மாலைக்குள் பொங்கிவிடும். அதே கரண்டி, அதே விலை. மிஞ்சினால் மறுநாள் புது மாவில் கலந்துவிடுவேன். புளிப்பு தெரியாமலிருக்கச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்ப்பேன். நாலு மாதமாக இப்படித்தான். இந்தக் காசில்தான் மகளுக்கு நர்ஸ் படிப்புக்குப் பணம் கட்டினேன். உங்கள் பயானைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. நான் செய்தது தப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

உடனே பதில் கூறிவிட நமக்கு மனம் வரவில்லை. "அடுத்த ஜும்ஆவுக்குள் கிதாபுகளைப் பார்த்துச் சொல்கிறோம், தாயே" என்று விடைபெற்றோம். நாம் கண்டெடுத்த விளக்கங்கள் எல்லா இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகின்றோம்.

புளிப்பு வேறு, போதை வேறு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மாவு புளித்துப் பொங்குகிறதே, இது போதைப் பொருளின் வகையைச் சேர்ந்ததாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் லியுகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அந்த வாயுதான் மாவை உப்பச் செய்கிறது. இதை உண்டு போதையேறியவர் எவருமில்லை. பழைய சோற்று நீருக்கும் இதே சட்டம்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமோ உலர்ந்த திராட்சையோ நீரில் ஊறவைக்கப்படும். அதை அன்றும் மறுநாளும் அருந்துவார்கள். மூன்றாம் நாளுக்குப் பின் மீதமிருப்பதைக் கொட்டிவிடச் செய்வார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஊறுவது குற்றமன்று, போதையாக மாறுவதே குற்றம் என்பது இதனால் விளங்குகிறது. நம் நாட்டில் இதற்குச் சரியான உதாரணம் பனை மரத்தில் உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர், ஹலால். சுண்ணாம்பு இன்றிப் புளிக்கவிட்டால் அது கள். ஒரு துளியும் ஹராம். தமிழகத்தில் 1987-ல் அரசு கள்ளுக்குத் தடை விதித்தது. மார்க்கமோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தடுத்துவிட்டது.

மூடி வையுங்கள்

இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கின்றார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது வந்துள்ளது. மாவு இரவெல்லாம் பொங்கும் பொருள். பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றி மூடினால் வழியவும் செய்யாது, பூச்சி விழவும் இடமிராது.

விழுந்துவிட்டால்? எறும்பு, ஈ, கரப்பான் போன்ற ஓடும் இரத்தமில்லாத உயிர்கள் விழுந்தால் மாவு நஜீஸாகாது, எடுத்து எறிந்துவிடலாம். எலி விழுந்து இறந்துவிட்டால் சட்டம் வேறு. உறைந்த நெய்யில் எலி விழுந்தால் அதையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். உறைந்த பொருளுக்கே இந்தச் சலுகை. இட்லி மாவோ ஓடக்கூடியது. ஆகவே முழுவதையும் கொட்டிவிட வேண்டும். நஷ்டத்தை எண்ணித் தயங்கக் கூடாது.

இங்கே நுட்பமான ஒரு விஷயம் உண்டு. கரப்பான் விழுந்த மாவு நஜீஸில்லை என்பதால் அதை வாய் திறவாமல் விற்றுவிடலாமா? கூடாது. தூய்மை வேறு, குறை வேறு. வாங்குபவர் அறிந்தால் எதை அருவருத்து மறுப்பாரோ அது பொருளிலுள்ள குறையே. அதை மறைத்து விற்பது மோசடியாகும்.

கரண்டியா, தராசா?

இப்போது அத்தாயின் முதல் கேள்விக்கு வருவோம். மாவைக் கரண்டியால் அளந்து விற்பது அடிப்படையில் கூடும். அளவும் விலையும் இருவருக்கும் தெரிந்திருந்தால் வியாபாரம் செல்லும். ஆனால் மாவு பொங்கும்போது அதன் எடை ஏறக்குறைய அப்படியே இருக்க, இடம் மட்டும் பெருகுகிறது. காலையில் ஒரு கரண்டியில் இருந்த அரிசியும் உளுந்தும், மாவு இரு மடங்காகப் பொங்கிய பின் இரண்டு கரண்டிகளில் பரவிவிடுகின்றன. மாலையில் வாங்குபவர் அதே காசுக்குப் பாதி தானியத்தையும் மீதிக்குக் காற்றையும் வாங்கிப் போகிறார்.

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் அளவையில் குறைவு செய்வோருக்குக் கேடு உண்டென்ற எச்சரிக்கையோடு தொடங்குகிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்கள் அவர்கள். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் மக்களுக்கு ஏகத்துவத்தோடு சேர்த்துப் போதித்ததும் அளவையையும் நிறுவையையும் நேர்மையாக்குமாறுதான். ஒரு சமூகம் அழிந்ததன் காரணங்களில் தராசும் ஒன்று என்றால், நம் வீட்டுக் கரண்டியை நாம் அலட்சியமாக எண்ணலாமா?

அத்தாய் வேண்டுமென்று குறைக்கவில்லை. எல்லாரும் செய்வதைத் தாமும் செய்தார். ஆயினும் விளங்கிய பிறகு தொடரக் கூடாது. நிவாரணம் எளிது: முத்திரையிட்ட தராசில் நிறுத்து விற்க வேண்டும். காலையானாலும் மாலையானாலும் ஒரு கிலோ ஒரு கிலோவே. நிறுக்கும்போது தட்டுச் சற்றுத் தாழும்படி கொடுப்பது சுன்னத்தாகும். ஸுவைத் பின் கைஸ் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடை வாங்கியபோது, விலையை நிறுத்துக் கொடுப்பவரிடம் தாராளமாகத் தாழ நிறுக்கும்படி சொன்னார்கள்.

பழைய மாவும் தண்ணீரும்

இரண்டாவது விஷயம் இதைவிடக் கடினமானது. மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழை பட்டுவிட்டதென்று வியாபாரி கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பது.

கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று தடுக்கவில்லை. அடியில் மறைத்ததைத்தான் கண்டித்தார்கள். அதுபோல நேற்றைய மாவை விற்பது குற்றமன்று. சோடாவால் புளிப்பை அடக்கி, தண்ணீரால் பெருக்கி, இன்றைய மாவென்று விற்பதே குற்றம்.

தண்ணீர் சேர்ப்பதைப் பற்றி இன்னொரு ஹதீஸும் உண்டு. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். பிறர் வயிறு நிறைய வேண்டுமென்று தன் குழம்பில் ஊற்றினால் அது நன்மை. தன் பை நிறைய வேண்டுமென்று பிறருக்கு விற்கும் மாவில் ஊற்றினால் அது பாவம்.

கடந்த நாலு மாதத்திற்கு என்ன செய்வது?

சட்ட நூல்களின்படி அந்த வியாபாரங்கள் முற்றிலும் செல்லாதவையல்ல. மாவு ஹலாலான பொருள், அவருடைய உழைப்பும் உண்மை. ஆகவே வருமானம் முழுவதும் ஹராமென்று கலங்க வேண்டியதில்லை. மகளின் படிப்பும் கெடவில்லை. ஆனால் குறைத்துக் கொடுத்த பங்கும், மறைத்த குறையின் மதிப்பும் பிறருடைய உரிமைகள். அல்லாஹ்விடம் தவ்பாச் செய்வதோடு அவற்றையும் திருப்பியாக வேண்டும்.

வழக்கமாக வாங்குவோரிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் மன்னித்தால் சரி. இல்லையேல் அவர்களுக்குரியதை மாவாகவோ காசாகவோ கொடுத்துவிட வேண்டும். படிப்பு முடிந்து ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடவே முடியாவிட்டால், மிகையாகவே ஒரு மதிப்புப் போட்டு, அத்தொகையை அவர்கள் பேரில் ஏழைகளுக்கு ஸதகாச் செய்ய வேண்டும். அதன் நன்மை உரியவர்களைச் சேரட்டும்.

அடுத்த ஜும்ஆவில் இதை எடுத்துரைத்தோம். கணவர் சற்றுத் தயங்கினார். "ஊரெல்லாம் தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடாதா, ஹஜ்ரத்?" என்றார். நாம் பதில் சொல்லுமுன் உள்ளிருந்து அந்த அம்மையார், "படுத்தால் எழுப்புபவன் அல்லாஹ். நான் சொல்லிவிடுகிறேன்" என்று கூறிவிட்டார்.

அவரிடமும் ஒன்று சொல்லிவந்தோம். மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே உரியது. குடும்பச் செலவு கணவர் மீதே கடமை. மனைவி மனமுவந்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டால், உறவைப் பேணிய நன்மை, தர்மத்தின் நன்மை என இரட்டைக் கூலி உண்டென்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்திருக்கின்றார்கள். ஆகவே மாவு விற்ற காசைக் கணவர் உரிமையோடு கேட்டு வாங்குவது முறையன்று.

இல்லத்தரசிகளுக்கு

மாவு, ஊறுகாய், பலகாரம், நோன்புக் கஞ்சிக்கான பொடி என எதை விற்பவரும் இவற்றை நினைவிற் கொள்க:

1. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் பொருளைப் பிறர் பிள்ளைக்கு விற்காதீர்கள்.

2. நிறுத்து விற்றிடுக. தராசு முத்திரை பெற்றதாக இருக்கட்டும்.

3. அரைத்த நாளைச் சொல்லி விற்றிடுக. பழையதைத் தனியே வைத்து விலையைக் குறைத்திடுக.

4. நல்ல நீரால் அரைத்திடுக. பாத்திரத்தை மூடி வைத்திடுக.

5. உணவு விற்போர் 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். மக்களின் நலன் கருதும் சட்டத்தை மதிப்பதும் அமானிதமே.

சில மாதங்களுக்குப் பின் அத்தெருப் பக்கம் போக நேர்ந்தது. திண்ணையில் ஒரு தராசு இருந்தது. அருகே சிலேட்டுப் பலகையில் "இன்றைய மாவு", "நேற்றைய மாவு" என்று எழுதி இரு விலைகள் போட்டிருந்தன. விசாரித்தோம். முதல் இரண்டு வாரங்கள் விற்பனை குறைந்ததாம். பிறகு பழைய நிலைக்கு வந்ததாம். ஊத்தப்பத்திற்கும் பணியாரத்திற்கும் புளித்த மாவையே தேடி வருபவர்களும் இருக்கின்றார்களாம். "லாபம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஹஜ்ரத். ஆனால் இப்போது சோறு இறங்குகிறது" என்றார் அந்தத் தாய்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும். பொய் சொல்லி மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. பரக்கத் என்பது காசுப் பெட்டியின் கனம் மட்டுமன்று, உண்ட சோறு நிம்மதியாகத் தொண்டையில் இறங்குவதும் பரக்கத்தே.

வல்ல அல்லாஹ் நம் அடுப்படியையும் அளவையையும் தூய்மையாக்கி, ஹலாலான உணவை உண்ணவும் ஹலாலாகவே விற்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.