கோடும் கேலியும்

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் கையெழுத்து இதழுக்கு நான் ஒரு கேலிச் சித்திரம் வரைந்தேன். விடுதி நண்பர் ஒருவருடைய திக்குவாயைக் கேலி செய்த படம் அது. பார்த்தவர் எல்லாரும் சிரித்தனர். அவரும் சிரித்தார், ஆனால் அதன்பின் மன்றக் கூட்டங்களுக்கு அவர் வரவேயில்லை. ஒரு கோட்டுக்கு இத்தனை கூர்மை உண்டா என்ற எண்ணம் என்னை வருத்தியது. அந்த வருத்தமே இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது. படித்தவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

'கார்ட்டூன்' என்ற சொல்லின் கதையே சுவையானது. இத்தாலி மொழியில் 'கார்த்தோனே' என்றால் தடித்த தாள். சுவரில் ஓவியம் தீட்டுமுன் அத்தாளில் வரைந்து பார்க்கும் மாதிரிப் படத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1834-இல் தீக்கிரையான இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை மீண்டும் எழுப்பியபோது, அதன் சுவர்களுக்குரிய மாதிரிப் படங்களை 1843-இல் காட்சிக்கு வைத்தனர். ஏழைகள் பசியால் வாட, அரசு படக் காட்சி நடத்துகிறதே என்று 'பஞ்ச்' இதழ் குத்திக் காட்டியது. கந்தல் உடுத்த ஏழைகள் அக்காட்சியைப் பார்த்து நிற்பதாக ஜான் லீச் வரைந்த படத்தை, 'கார்ட்டூன், எண் 1' என்று பெயரிட்டு வெளியிட்டது. அச்சொல்லுக்குப் புதுப்பொருள் பிறந்தது.

சொல்லுக்கு முன்பே கலை பிறந்துவிட்டது. பிரான்சில் ஓனோரே தோமியே, மன்னர் லூயி பிலிப்பை மக்கள் பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்து, 1832-இல் சிறை புகுந்தார். அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட், நியூயார்க் நகரத்தைச் சுரண்டிய ட்வீட் என்ற அரசியல்வாதியை 1871-இல் படத்துக்கு மேல் படம் வரைந்து தாக்கினார். பின்னர் ஸ்பெயினுக்குத் தப்பியோடிய ட்வீட்டை அங்கே அடையாளம் காட்டியதும் நாஸ்டின் படமே என்பர்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிவகுத்தவர் பாரதியார். 1906-இல் தோன்றிய 'இந்தியா' வார இதழில் அன்னிய ஆட்சியைச் சாடும் படங்கள் வெளிவந்தன. பின்னர் 'ஆனந்த விகட'னில் மாலியும் கோபுலுவும் தமிழரின் அன்றாட வாழ்வையே கோடுகளில் சிரிக்க வைத்தனர். கேரளத்தில் பிறந்த சங்கர், 1948-இல் டில்லியில் 'சங்கர்ஸ் வீக்லி'யைத் தொடங்கினார். தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று பிரதமர் நேரு அவரிடம் கேட்டுக்கொண்டார்; சங்கரும் விட்டுவைக்கவில்லை! நெருக்கடி நிலை பிறந்த 1975-இலேயே அவ்விதழ் நின்றது.

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லட்சுமணன் படைத்த 'பொதுமனித'ரை அறியாதார் யார்? கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த அவர் வாய் திறப்பதே இல்லை. பெரிய மனிதர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்த மௌனமே கேலி.

விடுதலைக்குப் பின்னும் இக்கலைக்கு இடர் நீங்கவில்லை. 1987-இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது.

இவர்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மன்னன், ஊழல் தலைவன், அன்னிய ஆட்சி, அமைச்சர் என்று இவர்கள் கேலி செய்தவை யாவும் திருப்பி அடிக்கும் வலிமை உடையவை. அதனால் வரைந்தவர் துணிவு வெளிப்பட்டது. நான் வரைந்ததோ, திருப்பிப் பேசவே தயங்கும் ஒருவரை. அங்கே துணிவுக்கு என்ன வேலை?

அண்மையில் அந்த நண்பரின் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். "அடுத்த இதழுக்கு நம் விடுதிச் சாம்பாரை வரையுங்கள், எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்" என்றார். இம்மாதக் கூட்டத்துக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். வரைகோல் பிடிக்கும் நண்பர்களே, கோடு இழுக்குமுன் அது யார்மேல் விழும் என்று ஒரு நொடி எண்ணுங்கள்.